பழைய பாபர் மோட்டார் சைக்கிள்களைக் கண்காட்சியில் ரசித்துப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாபர் வண்டிகள் நிற்கும் கண்காட்சிக்கு முதன்முறையாகப் போகிறவர்களும், பல முறை போயும் எதைப் பார்ப்பது என்று பிடிபடாதவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இந்த வண்டிகள் பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா என்பதால் பேச்சு பெரும்பாலும் அந்த நாட்டைச் சுற்றியே இருக்கும்.

பாபர் என்றால் எந்த மாதிரி வண்டி?

கம்பெனியிலிருந்து வந்த மோட்டார் சைக்கிளில் ஓட்டத்துக்குத் தேவையில்லாத பாகங்களைக் கழற்றி, பின் மட்கார்டைக் குட்டையாக்கி, எடையைக் குறைத்து ஓட்டிய வண்டியே பாபர். முன் மட்கார்டு பெரும்பாலும் இருக்காது. விண்ட்ஷீல்டு, தோல் பைகள், கிராஷ் கார்டு, பின்னால் அமர்பவருக்கான சீட்டு, கூடுதல் விளக்குகள் எல்லாம் போயிருக்கும். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டும், அகலமான டயர்களும், எஞ்சினும், டேங்கும் கண்ணுக்கு நேராகத் தெரியும். சேஸிஸ் மட்டும் கம்பெனி கொடுத்த வடிவத்திலேயே நிற்கும். பாபரைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் கடைசியில் இந்த ஓர் அம்சத்திடம் வந்து சேர்வதால், இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இந்த வழக்கம் எங்கே, ஏன் தொடங்கியது?

பந்தயத்திலிருந்து தொடங்கியது. 1920களிலேயே அமெரிக்கக் கம்பெனியான ஹார்லி டேவிட்சனின் ஜே, ஜேடி மாடல்களின் சேஸிஸைச் சுருக்கி, சீட்டைத் தாழ்த்தி ஓட்டும் பழக்கம் இருந்தது. அவற்றைக் கட்-டவுன் என்று அழைத்தார்கள். பொருளாதாரப் பெருமந்தம் வந்து, கம்பெனிகள் பந்தயத்துக்கென்று தனி வண்டி கட்டுவதற்குப் பணம் இல்லாமல் போன நிலையில், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1930களின் முற்பகுதியில் கிளாஸ் சி என்ற பந்தயப் பிரிவைக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் வண்டியை வைத்தே ஓட்டலாம் என்பது அதன் அடிப்படை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வு எஞ்சின் என்றால் 45 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 750 சிசி வரை. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் மேல் வால்வு எஞ்சின் என்றால் 500 சிசி வரை. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் வண்டியையே சாமானியர் ஒருவர் பந்தயத் திடலுக்கு ஓட்டி வந்து, விளக்கையும் மட்கார்டையும் முன் பிரேக்கையும் கழற்றி வைத்துவிட்டு, மண் தடத்தில் ஓட்ட முடிந்தது. அப்படிக் கழற்றியவற்றில் பாதியைத் திரும்ப மாட்டாமலேயே வீட்டுக்கு ஓட்டிப் போனவர்களிடமிருந்துதான் பாபரின் தோற்றம் வந்தது.

இரண்டாம் உலகப் போர் அதைப் பரவலாக்கியது. போருக்காக ஹார்லி டேவிட்சன் தன் 45 கன அங்குல டபிள்யூஎல்ஏ மாடலையும், கனடா நாட்டுப் படைக்கான அதன் உடன்பிறப்பையும் சேர்த்துச் சுமார் 90,000 வண்டிகளைத் தயாரித்தது. போர் முடிந்ததும் அவற்றில் பல உபரிச் சரக்காக மலிவு விலைக்கு வந்தன. படையிலிருந்து வீடு திரும்பிய இளைஞர்கள் அந்தக் கனத்த வண்டிகளை வாங்கி, துப்பாக்கி உறையையும் வெடிமருந்துப் பெட்டியையும் பெரிய கேரியரையும் அகன்ற மட்கார்டுகளையும் அகற்றினார்கள். குதிரைத்திறன் 25ஐத் தாண்டாத எஞ்சினுக்கு எடைக் குறைப்பைவிட மலிவான ஊக்கம் வேறு இல்லை. கலிஃபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுப் பாதைகளில் ஓட்டியவர்களும் அதையே செய்தார்கள். அழகுக்காக என்று எவரும் தொடங்கவில்லை. அந்த வண்டிகளின் அழகு, வேலைக்காக எடுத்த முடிவுகளின் பக்கத்தில் தானாக வந்து நின்றது. இன்றும் ஒரு பாபரைப் பார்த்து, ஒவ்வொரு பாகமும் ஏன் இருக்கிறது, ஏன் இல்லை என்பதற்கு ஓட்டம் சார்ந்த ஒரு காரணம் சொல்ல முடிந்தால், அது நல்ல பாபர் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சாப்பர், கஃபே ரேசர் ஆகியவற்றிலிருந்து பாபர் எப்படி வேறுபடுகிறது?

சாப்பர் 1960களில் செழித்தது. அதில் சேஸிஸின் கழுத்தையே வெட்டிச் சாய்த்து, முன் ஃபோர்க்கை நீட்டி, உயரமான ஹேண்டில்பாரும் முதுகுச் சாய்வுக் கம்பியும் வைப்பார்கள். கஃபே ரேசர் பிரிட்டனில் வளர்ந்தது. தாழ்ந்த ஹேண்டில்பார், பின்தள்ளிய கால் மிதிகள், நீண்ட டேங்க் ஆகியவை அதன் அடையாளம். பாபரில் ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்வார், சேஸிஸின் கோணங்கள் மாறியிருக்காது. ஒரே வண்டி 1948இல் பாபராகவும் 1968இல் சாப்பராகவும் மாறியிருப்பதும் உண்டு.

கண்காட்சியில் ஒரு வண்டி முன் நின்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

முதலில் பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். ஹேண்டில்பார் கழுத்திலிருந்து டேங்கின் கீழ்விளிம்பு வழியாக, சீட்டின் கீழாக, பின் சக்கரத்தின் அச்சு வரை ஒரு கோடு இறங்குவதைப் பாருங்கள். பின் சஸ்பென்ஷன் இல்லாத பழைய சேஸிஸ்களில் இந்தக் கோடு தடையில்லாமல் ஓடும். டேங்க் தூக்கிக்கொண்டு நின்றாலோ, சீட்டு டேங்கை விட்டு விலகி இருந்தாலோ அந்த ஓட்டம் உடையும். அடுத்து, பின் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக, டயரின் வட்டத்தோடு இணைந்து போக வேண்டும். இந்த ஓர் இடைவெளியைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர் மற்ற வேலைகளையும் பெரும்பாலும் பொறுமையாகச் செய்திருப்பார்.

பிறகு அருகே போய்க் குனிந்து, அந்த மட்கார்டின் வெட்டப்பட்ட விளிம்பைப் பாருங்கள். பழைய ஹார்லி மட்கார்டின் பின்பகுதி கீல் வைத்து மேலே தூக்கும்படி இருந்தது. டயர் பஞ்சரானால் சக்கரத்தை வெளியே எடுப்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தக் கீலோடு பின்பகுதியைக் கழற்றிவிடுவதுதான் அன்றைய இளைஞர்களுக்கு மிக எளிய வழியாக இருந்தது. அப்படிச் செய்த வண்டியில் கீல் இருந்த இடத்தின் ஓட்டைகள் இன்றும் தெரியலாம், அல்லது பித்தளை வைத்து அடைத்த தடம் பெயின்டுக்கு அடியில் லேசாக மேடிட்டிருக்கலாம். வேறு இடத்தில் தகட்டை வெட்டியிருந்தால் விளிம்பு கத்தி போல நிற்கும். நல்ல டிங்கரிங் கைக்காரர் அந்த விளிம்புக்குள் ஒரு கம்பியை வைத்துத் தகட்டைச் சுருட்டி மடித்திருப்பார். விரலால் தொடாமலே, வெளிச்சம் அந்த விளிம்பில் உருண்டு நிற்பதை வைத்து அது தெரிந்துவிடும். மட்கார்டின் உட்புறத்தையும் எட்டிப் பாருங்கள். வெளியே வழவழப்பாகத் தெரியும் பற்றவைப்பின் உண்மை நிலை உள்ளே தெரியும்.

அதற்கும் பிறகு பிரேக் ராடு, பெட்ரோல் குழாய், வயர்கள் ஓடும் விதம் ஆகியவற்றுக்கு வாருங்கள். பாகங்கள் குறைந்த வண்டியில் ஒளித்து வைக்க இடம் கிடையாது. செப்புக் குழாயை எஞ்சினின் சூட்டுக்கு ஒதுக்கி, அதிர்வுக்கு இடம் கொடுத்து வளைத்திருக்கிறார்களா, போல்ட்டின் தலைகள் ஒரே பக்கம் பார்த்திருக்கின்றனவா, காட்டர் பின்கள் ஒழுங்காக மடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கப் பழகினால், பெயின்டின் பளபளப்பு உங்களை ஏமாற்றுவது குறைந்துவிடும்.

எஞ்சினைப் பார்த்து வண்டியை அடையாளம் காண முடியுமா?

முடியும், எளிதும்கூட. ஹார்லியின் பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின்களை அவற்றின் தலைப்பகுதியை வைத்தே பிரித்துவிடலாம். 1936 முதல் 1947 வரை வந்த நக்கில்ஹெட் எஞ்சினில், வலப்பக்கம் வால்வு மூடிகளில் பெரிய நட்டுகளோடு புடைப்புகள் இருக்கும். மூடிய கைமுட்டியின் எலும்புகள் போலத் தெரியும். அது முதலில் 61 கன அங்குலத்தில், அதாவது ஏறக்குறைய 1000 சிசியில் வந்து, 1941இல் 74 கன அங்குலத்திலும், அதாவது 1200 சிசியிலும் வந்தது. 1948 முதல் 1965 வரை வந்த பேன்ஹெட்டில் அலுமினியத் தலையும், அதன்மேல் கவிழ்த்த தட்டு போன்ற வழவழப்பான மூடியும் இருக்கும். 1966இல் ஷவல்ஹெட் வந்தது. 45 கன அங்குல சைடு வால்வு எஞ்சினில் தலை தட்டையாக, குளிர்விக்கும் துடுப்புகள் மட்டும் கொண்டதாக இருக்கும்.

சேஸிஸும் காலத்தைச் சொல்லும். முன்புறம் ஸ்பிரிங் வெளியே தெரியும் ஸ்பிரிங்கர் ஃபோர்க் 1948 வரை ஹார்லியின் பெரிய வண்டிகளில் இருந்தது. 1949இல் ஹைட்ரா கிளைட் என்ற பெயரோடு டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்தது. 1948 முதல் 1954 வரையிலான சேஸிஸில் முன் குழாய்கள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து இறங்கும். சேகரிப்பாளர்கள் அதை விஷ்போன் என்பார்கள். 1958இல் டியோ கிளைட் வந்தபோது பின் சஸ்பென்ஷனும் வந்துவிட்டது.

இந்தியன் என்ற பெயர்கொண்ட அமெரிக்கக் கம்பெனியின் வண்டிகள் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1953 வரை உருவாயின. அவற்றின் இரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலான கோணம் 42 பாகை. ஹார்லியில் 45 பாகை. கண்ணால் அந்த மூன்று பாகையைப் பிரிப்பது கடினம் என்றாலும், அந்தக் கம்பெனியின் சீஃப் மாடலில் 1946க்கு முந்தைய வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே லீஃப் ஸ்பிரிங் இருப்பதை எவரும் தவறவிட மாட்டார்கள். 1940 முதல் சீஃப் வண்டிக்குச் சக்கரத்தின் பாதியை மறைக்கும் பாவாடை மட்கார்டு வந்தது. அந்தப் பெரிய தகட்டைக் கழற்றிய சீஃப் பாபரைப் பார்க்கும்போது, உள்ளே இவ்வளவு மெலிந்த வண்டியா இருந்தது என்று வியப்பு வரும்.

பிரிட்டனின் ட்ரையம்ப் வண்டிகளும் கண்காட்சிகளில் ஏராளம். எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஸ்பீட் ட்வின் 1937இல் அறிமுகமானது. அந்த இணை சிலிண்டர் எஞ்சின் எடை குறைவு, அகலமும் குறைவு. 1954 வரையிலான பெரும்பாலான சேஸிஸ்களில் பின் சஸ்பென்ஷன் கிடையாது. 650 சிசி வண்டிகளில் 1962 வரை எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனியாக இருந்தன. இந்த இரண்டும் சேர்ந்த ட்ரையம்ப் பாபர்களுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. அவை ஹார்லிகளின் அருகில் சிறியவையாகத் தெரியலாம். ஆனால் எடையைக் குறைப்பதுதான் பாபரின் நோக்கம் என்றால், அந்த நோக்கத்துக்கு ட்ரையம்ப்தான் மிக அருகில் நிற்கிறது என்பது என் கருத்து.

அது உண்மையிலேயே அந்தக் காலத்துப் பாபரா, இன்று பழையதுபோல் கட்டப்பட்டதா?

கண்காட்சியில் நிற்கும் பழைய பாபர்களில் பெரும்பங்கு பிற்காலத்தில் கட்டப்பட்டவைதான். அதில் குறை இல்லை. உரிமையாளர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவே. சரிபார்க்க விரும்புகிறவர்கள் எஞ்சின் எண்ணிலிருந்து தொடங்கலாம். 1970க்கு முந்தைய ஹார்லிகளில் சேஸிஸில் எண் கிடையாது. எஞ்சினின் இடப்பக்க கேஸில் அடித்த எண்தான் வண்டியின் அடையாளம். 47எஃப்எல் என்று தொடங்கினால் அது 1947ஆம் ஆண்டின் 74 கன அங்குல எஞ்சின். அதே கேஸின் அடிப்பகுதியில், இடம், வலம் ஆகிய இரு பாதிகளிலும் தொழிற்சாலையில் அடித்த எண்கள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் கேஸ் பிறந்தது முதல் சேர்ந்தே இருக்கிறது என்று பொருள். எண் அடித்த மேடையின் பரப்பில் அரம் அல்லது கிரைண்டர் தடம் தெரிந்தால் விலை கொடுக்குமுன் பல முறை யோசிக்க வேண்டும்.

இன்று எஞ்சின் கேஸ், சேஸிஸ், ஸ்பிரிங்கர் ஃபோர்க், டேங்க் என்று ஏறக்குறைய எல்லாமே புதிதாக வார்க்கப்பட்டும் வளைக்கப்பட்டும் கிடைக்கின்றன. பழைய சேஸிஸில் குழாய்கள் வந்து சேரும் இடங்களில் உருக்கி அடித்த இணைப்புகள் கனமாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பக்கவண்டியை மாட்டுவதற்கான காதுகளும் பெரும்பாலும் இருக்கும். லிங்கர்ட் கார்புரேட்டர், நட்சத்திர வடிவத் துளை கொண்ட சக்கர ஹப், டேங்கின் மேலுள்ள பூனைக்கண் டேஷ் (மீட்டர் பலகை) போன்றவை அசலாக இருந்தால் பல பத்தாண்டுகளாகக் கைபட்ட மழுங்கல் இருக்கும். அந்த மழுங்கல் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கால் படும் மிதியிலும், முழங்கால் உரசும் டேங்கிலும், சாவி திரும்பும் இடத்திலும் தேய்மானம் கூடுதலாக இருப்பது இயல்பு. வண்டி முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலையாக இருக்கலாம்.

காலப் பொருத்தம் வேறொன்று. மின்னும் துகள்கள் கலந்த மெட்டல்ஃபிளேக் பெயின்ட் 1960களின் ரசனை. அதை 1940களின் பாபர் என்று சொல்லப்படும் வண்டியின் டேங்கில் கண்டால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று மனம் சொல்லும். அன்றைய பாபர்கள் பெரும்பாலும் ஒரே நிறத்தில், அதிகம் போனால் கையால் இழுத்த ஒரு மெல்லிய கோட்டோடு நின்றன.

துருவும் மங்கிய பெயின்டும் உள்ள வண்டியை ஏன் கொண்டாடுகிறார்கள்?

மறுபடி பெயின்ட் அடித்துவிடலாம். ஆனால் 1950இல் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் தூரிகையால் அடித்த பெயின்டை யாராலும் மறுபடி கொண்டுவர முடியாது. அந்த வண்டியை யார், எந்த வசதிகளோடு, எவ்வளவு அக்கறையோடு மாற்றினார்கள் என்பதற்கு அந்தப் பெயின்ட் மட்டுமே சாட்சி. பிரேக்கையும் சக்கரத்தையும் கம்பிகளையும் பாதிக்கும் துருவை மட்டும் சரிசெய்துவிட்டு, மேல்தோற்றத்தை அப்படியே விட்டுவைக்கும் உரிமையாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

அசல் நிலையில் இருக்கும் அரிய வண்டியை இப்போது பாபராக்கலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 1947இல் இளைஞர் ஒருவர் தன் நக்கில்ஹெட்டின் மட்கார்டை வெட்டியபோது அது ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான். அதே போல ஆயிரக்கணக்கில் தெருவில் ஓடின. இன்று எல்லாப் பாகங்களோடும் முழுமையாக மிஞ்சியிருக்கும் வண்டிகள் குறைவு; அவற்றை வெட்டினால் திரும்பாது. பாபர் கட்ட விரும்புகிறவருக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. தனித்தனியாகக் கிடைக்கும் எஞ்சின், அனாதையாகக் கிடக்கும் கியர் பாக்ஸ், மட்கார்டே இல்லாத சேஸிஸ் ஆகியவற்றைப் பழைய உதிரிபாகச் சந்தைகளில் சேர்த்துக் கட்டலாம். அந்தக் காலத்துப் பாபர்கள் பலவும் அப்படித்தான் உருவாயின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1940களிலேயே பாபராக்கப்பட்ட வண்டியைப் பிடித்து, புதிய பாகங்கள் வாங்கிப் போட்டு, தொழிற்சாலைத் தோற்றத்துக்குத் திருப்புவதும் அதே அளவுக்கு இழப்புதான். 1954இல் தொடங்கிய ஆன்டிக் மோட்டார்சைக்கிள் கிளப் ஆஃப் அமெரிக்கா, 35 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொழிற்சாலை நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று புள்ளி போட்டு மதிப்பிடுவதில் பெயர்பெற்றது. அந்தக் கிளப்பே, அந்தந்தக் காலத்தில் மாற்றியமைத்த வண்டிகளுக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது. பாபரும் வரலாறுதான் என்பதை அசல் தன்மையில் மிகக் கறாரானவர்களே ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம்.

கையால் கியர், காலால் கிளட்ச் என்கிறார்களே. அதை எப்படி ஓட்டுகிறார்கள்?

ஹார்லியில் 1952 வரை அதுவே வழக்கமான ஏற்பாடு. அந்த ஆண்டில்தான் காலால் கியர் மாற்றும் வசதியைப் பெரிய வண்டிகளுக்குக் கொடுத்தார்கள். டேங்கின் இடப்பக்கத்தில் கியர் லீவர் இருக்கும். இடது காலடியில் முன்னும் பின்னும் சாயும் கிளட்ச் மிதி இருக்கும். குதிகாலை அழுத்தினால் கிளட்ச் விடுபடும், கால்விரல் பக்கம் அழுத்தினால் பிடிக்கும். மிதி விட்ட இடத்திலேயே நிற்பதால் சிக்னலில் இரு கால்களையும் தரையில் ஊன்றலாம். சில பாபர்களில் இந்த மிதியை மாற்றி, காலை எடுத்தால் உடனே கிளட்ச் பிடித்துக்கொள்ளும்படி அமைப்பார்கள். வண்டி கியரில் இருக்கும்போது இடது காலைத் தரையில் வைத்தால் வண்டி பாய்ந்துவிடும் என்பதால் அதைத் தற்கொலைக் கிளட்ச் என்று அழைக்கிறார்கள். இந்தியன் வண்டியில் நிலைமை தலைகீழ்: அங்கே ஆக்சிலரேட்டர் இடது கையில், கியர் லீவர் வலப்பக்கம்.

வண்டியைக் கிளப்புவதையும் பார்க்க வேண்டும். பழைய ஹார்லியின் இடது கைப்பிடி எரிபொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்தும். உரிமையாளர் பெட்ரோலைத் திறந்து, சோக்கைப் போட்டு, அந்தக் கைப்பிடியால் நேரத்தைப் பின்தள்ளுவார். சாவியைப் போடாமலே ஓரிரு முறை கிக்கரை மெதுவாக மிதித்துப் பெட்ரோலை உள்ளே இழுக்க வைப்பார். பிறகு சோக்கைத் தளர்த்தி, சாவியைத் திருப்பி, கிக்கரைக் காலால் தேடி, அழுத்தம் காலில் தட்டும் இடத்தில் நிறுத்தி, முழு உடல் எடையோடு ஒரே மிதியாக மிதிப்பார். நேரத்தைப் பின்தள்ள மறந்துவிட்டால் கிக்கர் எதிர்த்து உதைத்து, முழங்காலையே பதம் பார்த்துவிடும். எஞ்சின் பிடித்த பிறகு, கைப்பிடியை மெல்ல முன்நகர்த்த நகர்த்த ஐட்லிங் தடுமாற்றத்திலிருந்து சீராவதைக் காதால் கேட்கலாம். எத்தனை படங்கள் பார்த்தாலும் கிடைக்காத அறிவு அந்த அரை நிமிடத்தில் கிடைக்கும்.

பின் சஸ்பென்ஷன் இல்லாமல் முதுகு என்ன ஆகும்?

அன்றைய சாலைகளில் ஓட்டியவர்கள் சீட்டையும் டயரையும் நம்பினார்கள். ஹார்லியில் சீட்டைத் தாங்கும் தண்டு, சேஸிஸின் நடுக்குழாய்க்குள் ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும்; நீங்கள் ஏறி அமர்ந்ததும் சீட்டு உங்களோடு கீழே இறங்கும். 1940இல் வந்த 16 அங்குலச் சக்கரமும் பருத்த டயரும் இன்னும் கொஞ்சம் அதிர்ச்சியை விழுங்கின. தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று அந்தத் தண்டை எடுத்துவிட்டுச் சீட்டை நேராகச் சேஸிஸில் பதிக்கிறவர்கள் உண்டு. படத்துக்கு அது நன்றாக இருக்கும். ஐம்பது மைல் ஓட்டியவருக்குத் தண்டின் அருமை தெரியும். முன் பிரேக்கை எடுத்துவிடுவதும் இப்படியே. மண் தடப் பந்தயத்துக்கு அது பொருந்தும், போக்குவரத்துள்ள சாலைக்குப் பொருந்தாது.

இத்தகைய வண்டிகளை எந்தக் கண்காட்சிகளில் பார்க்கலாம்?

அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில், செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி ஆன்டிக் மோட்டார்சைக்கிள் கிளப்பின் கிளை நடத்திவந்த கூட்டம் பழைய வண்டிகளுக்கும் உதிரிபாகச் சந்தைக்கும் பெயர்பெற்றது. தெற்குக் கலிஃபோர்னியாவில் 2009இல் சிறு நண்பர் கூட்டமாகத் தொடங்கிய பார்ன் ஃப்ரீ, பின்னர் சில்வராடோவின் ஓக் மரங்களுக்கு அடியில் பெரிய விழாவாக வளர்ந்தது. பாபரும் சாப்பரும் அருகருகே நிற்பதை அங்கே பார்க்கலாம். ஜப்பானில் மூன் ஐஸ் நிறுவனம் 1992 முதல் நடத்தும் யோகோஹாமா ஹாட் ராட் கஸ்டம் ஷோ ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் நடக்கிறது.

ஜப்பானைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷின்யா கிமுரா 1992இல் ஒகஸாகி நகரில் தொடங்கிய ஜீரோ எஞ்சினியரிங் பட்டறையிலிருந்து வந்த வண்டிகள், பின் சஸ்பென்ஷன் இல்லாத தாழ்ந்த சேஸிஸ், ஸ்பிரிங்கர் ஃபோர்க், மங்கிய உலோகப் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு தமக்கென ஒரு பாணியை உண்டாக்கின. அவர் 2006இல் கலிஃபோர்னியாவின் அசூசாவுக்குச் சென்று தனிப் பட்டறை அமைத்தார். அமெரிக்கப் பழக்கம் ஒன்றை வெளிநாட்டவர் எடுத்து, அமெரிக்கர்களே திரும்பிப் பார்க்கும்படி வளர்த்ததற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வண்டியைத் தொடலாமா? உரிமையாளரிடம் என்ன கேட்கலாம்?

கேட்காமல் தொடக்கூடாது, ஏறி அமர்வதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பெல்ட் பக்கிள், கழுத்தில் தொங்கும் கேமரா, முதுகுப் பை ஆகிய மூன்றும் பெயின்டின் எதிரிகள். விலை என்ன என்று தொடங்காமல், இந்த மட்கார்டு எந்த வண்டியிலிருந்து வந்தது, இந்த டேங்க் கிடைத்தபோது எப்படி இருந்தது என்று ஒரு குறிப்பிட்ட பாகத்தைக் காட்டிக் கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதில் நீண்டதாக இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள். படம் எடுக்கும்போது சக்கர அச்சின் உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று எடுத்தால் வண்டியின் கோடு சிதையாமல் வரும்.

இன்று கம்பெனிகளே பாபர் என்ற பெயரில் விற்கும் வண்டிகள் பாபர்களா?

அவை பாபரின் தோற்றத்தைக் கொண்ட நல்ல வண்டிகள். 2016இல் ட்ரையம்ப் அறிமுகம் செய்த 1200 சிசி பானவில் பாபரில் சஸ்பென்ஷன் உள்ளே மறைந்திருப்பதால் அது பழைய சேஸிஸ் போலத் தெரியும். அந்த உத்தியை ஹார்லி 1984 மாடல் சாஃப்டெய்லிலேயே செய்துகாட்டிவிட்டது. இந்தியாவில் ஜாவா பெராக்கும், ராயல் என்ஃபீல்டு 2024 இறுதியில் கொண்டுவந்த கோவன் கிளாசிக் 350ம் அந்த வரிசையில் வருகின்றன. ஏபிஎஸ் பிரேக்கோடு, கம்பெனி உத்தரவாதத்தோடு அந்தத் தோற்றம் கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவற்றில் எதையும் ஒருவர் கழற்றி எடுக்கவில்லை. பாபரைப் பாபராக்கும் அந்தத் தேர்வு அங்கே நிகழவில்லை.

சென்னையில் பிறந்த பழைய புல்லட்டைப் பாபராக்கி ஓட்டலாமா?

திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த புல்லட்டின் ஒற்றை சிலிண்டரும் திறந்த எஞ்சினும் இந்தப் பாணிக்கு நன்றாகவே பொருந்தும் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் 1940களின் இறுதியிலேயே பின் சஸ்பென்ஷன் பெற்றுவிட்டது. சென்னைப் புல்லட்டுகள் எல்லாமே சஸ்பென்ஷன் உள்ளவைதான். ஆகவே பின் சஸ்பென்ஷன் இல்லாத புல்லட் பாபர் என்றால் சேஸிஸை வெட்டியிருக்கிறார்கள் அல்லது மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே அத்தகைய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 2021இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவும் இதற்கு உதவாது. 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுகளுக்குக் கிடைக்கும் அந்தப் பதிவு, சேஸிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் வைத்திருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே. சேஸிஸைத் தொடாமல், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் திரும்ப மாட்டும் நிலையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண்காட்சியில் நிறுத்துவதற்காக மட்டும் ஒற்றை சீட்டோடு தயார்செய்வது பாதுகாப்பான வழி. சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றுவதற்கு முன்பும் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கண்காட்சிக்கு எந்த நேரத்தில் போவது நல்லது?

வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். லாரியில் வந்து இறங்கும் வண்டிகளையும் சாலையில் ஓடி வரும் வண்டிகளையும் அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். முட்டிவரை தூசியும், எஞ்சின் கேஸில் புதிய ஆயில் கசிவும் இருந்தால் அது ஓடி வந்த வண்டி. நடுப்பகலில் கூட்டமும் குரோமின் கூச்சமும் பார்வையைக் கெடுக்கும். அந்த நேரத்தை உதிரிபாகச் சந்தைக்கு ஒதுக்குங்கள். பரிசளிப்பு முடிந்ததும் கிளம்பிவிடாமல், உரிமையாளர்கள் வண்டிகளைக் கிளப்பி வெளியேறும் வரை வாயிலுக்கு அருகில் இருங்கள். காலையில் நீங்கள் குனிந்து பார்த்த கிளட்ச் மிதியும் கியர் லீவரும் வேலை செய்வதை அப்போது பார்க்கலாம்.